ஒன்றுமில்லை என்று சொன்னவர்

கோலா சிலாங்கூர்
3 ஏப்ரல் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உஷா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் மாப்பிள்ளை குகன் நலம். நான் அவ்வளவு நலமில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? கெர்லிங்கில் மழை விட்டதா?

போன ஞாயிறு போனில் நான் "வயித்து வலிப்பா" என்றது உங்கள் காதில் "வயல் வழி" என்று விழுந்தது. "சிகிஞ்சான் வயல் வழியா ஏம்மா போறே, சுத்துலா" என்று பத்து நிமிடம் எனக்குப் பாதை சொன்னீர்கள். குகன் சிரித்தார், நானும் சிரித்தேன். பிறகுதான் இதை எழுதிவிடலாம் என்று தோன்றியது. வாட்சாப் பக்கம் நீங்கள் வரவே மாட்டேன் என்கிறீர்கள்.

இரண்டு வருடமாகவே இருக்கிறது. சாப்பிட்டதும் வயிறு ஊதிக்கொள்கிறது. காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் முறுக்கிப் பிடிக்கிறது. கழிவறைக்குப் போனால் கொஞ்சம் விடுகிறது, மறுபடி பிடிக்கிறது. சில வாரம் வயிற்றுப்போக்கு, சில வாரம் போகவே போகாது. மூன்றாம் ஆண்டு வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். தலைமையாசிரியர் குமுதா ஒரு நாள் கூப்பிட்டு, "டீச்சர், அடிக்கடி லேட்டா வர்றீங்களே" என்றார்.

முப்பது வருடம் தோட்டத்து மருந்தகத்தில் டிரெசராக இருந்து ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்தவர் நீங்கள். இது என்னவாக இருக்கும்?

உங்கள் மகள்,
உஷா


கெர்லிங்
14 ஏப்ரல் 2024

அன்பு மகள் உஷாராணிக்கு,

அப்பா எழுதுவது. இறைவன் அருளால் நான் சுகம். புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டு கார்த்திகேசு பாயசம் கொண்டுவந்து கொடுத்தான். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லவும்.

உன் கடிதம் கண்டேன். கீழே கேட்பதற்கு மறைக்காமல் பதில் எழுது. மலத்தில் ரத்தம் உண்டா? கறுப்பாகப் போகிறதா? எடை குறைந்ததா, ரவிக்கை தொளதொளவென்று ஆனதா? தூக்கத்தில் வலி எழுப்புகிறதா? முகம் வெளுத்திருக்கிறது என்று யாராவது சொன்னார்களா? மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா?

நான் இங்கிருந்து மருந்து சொல்லமாட்டேன். கடையில் காற்று மருந்து வாங்கிக் குடித்துவிட்டுச் சும்மா இருக்காதே. இந்த வாரமே டாக்டரைப் பார். இதையெல்லாம் நாலு பேர் முன்னால் பேசாதே. வயிற்று விஷயம் வீட்டோடு இருக்கட்டும்.

ஆசிகளுடன்,
அப்பா


கோலா சிலாங்கூர்
5 மே 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் உடம்பு சௌகரியம்தானே? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

நீங்கள் கேட்ட அத்தனைக்கும் பதில் "இல்லை". ரத்தம் இல்லை. எடை இரண்டு கிலோ கூடித்தான் இருக்கிறது. தூங்கினால் வலி எழுப்புவதில்லை. கிளினிக்கில் டாக்டர் செரீனா என்று ஒருவர், என் வயதுதான் இருக்கும். அவரும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டார். ரத்தம், மலம், தைராய்டு எல்லாம் சோதித்தார்கள். எல்லாம் சரி.

"அப்ப எனக்கு ஒன்னும் இல்லையா டாக்டர்?" என்றேன்.

"ஒன்னும் இல்லைன்னு நான் சொல்லலையே" என்றார். "நோய்னா குடல்ல புண்ணு, கட்டி, வீக்கம், ஏதாவது கண்ணுக்குத் தெரியும். ஒங்களுக்கு அப்படி எதுவும் இருக்கிற மாதிரி தெரியல. ஆனா குடல் வேலை செய்யற விதம் கெட்டிருக்கு. குடலுக்கும் மூளைக்கும் நடுவுல ஓடற நரம்பு சின்ன விஷயத்துக்கும் பெருசா கத்துது. பெஸ்தாரி ஜெயா சந்திப்புல ரோட்டுல ஒரு குழி இருக்காது, ஆனா விளக்கு கெட்டுப்போனா எத்தனை லோரி நிக்குது? அந்த மாதிரிலா."

செயல்பாட்டுக் கோளாறு என்று இதற்குப் பெயராம். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வலி கற்பனையும் இல்லை என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏனென்றால் ஆசிரியர் அறையில் விஷயத்தைச் சொன்னதும், கங்கா டீச்சர் "அப்ப ஒன்னும் இல்லலா, டென்சன்தான்" என்று முடித்துவிட்டார்.

குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் உண்டா என்று டாக்டர் கேட்டார். இல்லை, அம்மா மஞ்சள் காமாலையில் போனார் என்றேன். எழுதிக்கொண்டார்.

அன்புடன்,
உஷா


கெர்லிங்
12 மே 2024

அன்பு மகளுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

அந்தப் பெண் சொன்னது புத்தகத்தில் உள்ளதுதான். ஆனாலும் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனையைச் செய்யச் சொல். ஸ்கோப். ரத்தச் சோதனையை வைத்து மட்டும் முடிவு சொல்லக் கூடாது. காற்று என்று சொல்வதற்கு ஒரு நிமிடம் ஆகாது. இந்த வாரம் போய்க் கேள். மாட்டேன் என்றால் வேறு டாக்டரைப் பார். கேட்டாயா, என்ன சொன்னார்கள் என்று உடனே எழுது.

அப்பா


கோலா சிலாங்கூர்
9 ஜூன் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? உப்பைக் குறையுங்கள்.

நீங்கள் எழுதிய கடிதம், அதற்குப் பிறகு வந்த இரண்டு கடிதம், மூன்றையும் படித்தேன். மூன்றிலும் ஸ்கோப், ஸ்கோப், ஸ்கோப். டாக்டரிடம் கேட்டேன். "ஒங்க வயசுக்கு, எந்த அபாய அறிகுறியும் இல்ல, குடும்பத்துலயும் இல்ல. இப்ப தேவையில்ல. ஆனா மனசு ரொம்பக் கஷ்டப்படுதுன்னா பேசுவோம்" என்றார். நான்தான் வேண்டாம் என்றேன்.

என்ன சாப்பிட்டேன், எப்போது வலித்தது என்று ஒரு மாதமாக ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். வெங்காயமும் பால் தேநீரும் எனக்கு ஆகவில்லை. காலையில் அரை மணி முன்னதாக எழுந்தால் அவசரம் குறைகிறது, வலியும் குறைகிறது. டாக்டர் கொடுத்த மாத்திரையும் உதவுகிறது. அப்பா, உங்கள் கையெழுத்தில் உறை வந்தாலே என் வயிறு முறுக்குகிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதையும் அந்த நோட்டில் குறித்திருக்கிறேன்.

ஏன் இவ்வளவு பயப்படுகிறீர்கள்? ஒன்று கேட்கிறேன். அம்மா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. மஞ்சள் காமாலை என்ற ஒரு வார்த்தைக்கு மேல் நீங்கள் எதுவும் சொன்னதில்லை. என்ன நடந்தது?

உஷா


கெர்லிங்
30 ஜூன் 2024

அன்பு மகளுக்கு,

நலம். கால் பரவாயில்லை. இங்கே டுரியான் விழ ஆரம்பித்துவிட்டது. கார்த்திகேசு ஒரு கூடை கொண்டுவந்தான். உனக்கு அது வாயு, அதனால் அனுப்பவில்லை. பழைய தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கோவில் கூரையை மாற்றப் போகிறார்களாம். காதுக்கு வேறு கருவி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


கோலா சிலாங்கூர்
14 ஜூலை 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். இந்த முறை நிஜமாகவே எழுதுகிறேன். இரண்டு வாரமாக வகுப்பை விட்டு ஓடவில்லை. இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அம்மாவைப் பற்றிக் கேட்டதற்கு டுரியான் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை. சொல்ல உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். நான் இனி கேட்கமாட்டேன். என் வயிற்றில் இருப்பது நோயில்லை, பரம்பரையாக வருவதும் இல்லை என்று தெரிந்த பிறகு வலி வந்தாலும் பயம் வருவதில்லை. அது எனக்குப் போதும்.

அன்புடன்,
உஷா


கெர்லிங்
4 ஆகஸ்ட் 2024

உஷாராணிக்கு,

இதைப் படித்துவிட்டு நேரே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டு. முதலில் அவருக்கு வேண்டியதை எழுதிவிடுகிறேன். உன் அம்மா தாயம்மா பெருங்குடல் புற்றுநோயில் இறந்தாள். கண்டுபிடித்தபோது வயது முப்பத்தெட்டு. ஈரலுக்குப் பரவியிருந்தது. கடைசியில் கண்ணும் தோலும் மஞ்சளானது அதனால்தான். மஞ்சள் காமாலை என்று ஊருக்குச் சொன்னேன். அது அரை உண்மை. அரை உண்மையை வைத்துக்கொண்டு இருபத்தைந்து வருடம் ஓட்டிவிட்டேன்.

இனி எழுதுவது உனக்கு.

முதலில் அவளுக்கும் உன்னைப் போலத்தான் இருந்தது. ஊதல், முறுக்கல், ஒரு வாரம் போகும், ஒரு வாரம் போகாது. காற்றுக்கு வெள்ளை மருந்து கொடுத்தேன். அந்த வலி நூறு பேருக்கு வரும், தொண்ணூற்றொன்பது பேருக்கு அதில் ஆபத்தில்லை. அப்படி நினைத்தது தப்பில்லை என்று இன்றும் நினைக்கிறேன். தப்பு அதற்குப் பிறகு நடந்தது. ரத்தம் போகிறது என்றாள். மூலம் என்று களிம்பு கொடுத்தேன். முகம் வெளுத்தது. இரும்பு மாத்திரை கொடுத்தேன். ரவிக்கைகளை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டாள். அதையும் பார்த்தேன். உனக்கு என்னென்ன கேள்வி எழுதினேனோ, அத்தனைக்கும் அவள் உடம்பு ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. எட்டு மாதம்.

மாதம் இரண்டு தடவை பட்டணத்திலிருந்து பெரிய டாக்டர் தோட்டத்துக்கு வருவார். நோயாளிகளை வரிசையில் நான்தான் நிறுத்துவேன். ஒரு நாள் காலையில் அவள் கேட்டாள். "இன்னைக்கு நானும் வந்து நிக்கட்டாங்க?"

"ஒனக்கு ஒன்னும் இல்ல தாயி, காத்துதான். டிரெசர் பொண்டாட்டி வரிசையில நின்னா என்னை என்னான்னு நெனைப்பாங்க?" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து மயங்கி விழுந்த அன்றுதான் லோரியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

என் பதிவேட்டில் முப்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் பேர். கை வெட்டு, காய்ச்சல், பாம்புக்கடி எல்லாம் இருக்கும். தாயம்மா பெயர் ஒரு வரிகூட இல்லை. அவளுக்கு வீட்டிலேயே, அடுப்படியிலேயே மருந்து கொடுத்தேன். எழுதியிருந்தால் நாலாவது தடவை எழுதும்போதாவது எனக்கு உறைத்திருக்கும்.

உன்னிடம் சொல்லாமலே ஸ்கோப் செய்ய வைத்துவிடலாம் என்று பார்த்தேன். போன கடிதத்தில் பயமில்லை என்று எழுதினாய். நான் சொன்ன பொய்யின் மேல் நீ நிம்மதியாகப் படுத்திருக்கிறாய் என்று புரிந்தது. மூன்று வாரம் எழுதி எழுதிக் கிழித்தேன்.

போய்க் காட்டு.

நாராயணசாமி


கெர்லிங்
25 ஆகஸ்ட் 2024

உஷாராணிக்கு,

பதில் இல்லை. நீ என்னோடு பேச வேண்டாம். மாப்பிள்ளையை ஒரு வரி எழுதச் சொல். டாக்டரிடம் காட்டினாயா?

அப்பா


கோலா சிலாங்கூர்
22 செப்டம்பர் 2024

அப்பாவுக்கு,

காட்டினேன். கடிதம் வந்த அன்றே காட்டினேன். பள்ளியின் கார் நிறுத்துமிடத்தில் படித்துவிட்டு அப்படியே கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் செரீனா இரண்டு தடவை படித்தார். பிறகு என் கோப்பைத் திருப்பி, குடும்பத்தில் இல்லை என்று எழுதியிருந்ததை அடித்தார். "அம்மாவுக்கு முப்பத்தெட்டுல வந்திருந்தா, மகளுக்கு இருபத்தெட்டுலேர்ந்தே பார்க்கணும்" என்றார். எனக்கு முப்பத்து நான்கு.

செப்டம்பர் பதினொன்றாம் தேதி ஸ்கோப் செய்தார்கள். முந்தின நாள் முழுக்க உப்புக்கரிக்கும் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் குடலைக் கழுவ வேண்டும். குகன் லீவு போட்டுக் கூடவே இருந்தார். குடல் கடைசிவரை சுத்தமாக இருக்கிறது. எடுத்த சதையின் முடிவும் போன வாரம் வந்தது. நோய் எதுவும் இல்லை. அம்மாவின் காரணத்தால் சில வருடங்களுக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். என் வலி முதலில் சொன்ன அதே கோளாறுதான். நேற்றுக் காலையும் வலித்தது.

சுத்தம் என்று கேட்டதும் அழுதேன். அம்மாவை ஒரே ஒரு தடவை அந்தக் கட்டிலில் படுக்க வைத்திருக்கலாமே என்றுதான் அழுதேன்.

உங்கள் மேல் கோபம் இருக்கிறது. அம்மாவுக்குச் செய்ததை யோசித்தால் அது அறியாமையும் கௌரவமும் சேர்ந்தது என்று எப்படியோ எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிகிறது. எனக்குச் செய்ததை அப்படிச் சொல்ல முடியவில்லை. ஏப்ரலில் ஒரு வரி எழுதியிருந்தால் ஏப்ரலிலேயே செய்திருப்பார்கள். என் குடலில் ஏதாவது இருந்திருந்தால்? அம்மாவிடம் ஒன்றுமில்லை என்றீர்கள். என்னிடம் ஏதோ இருக்கிறது என்றீர்கள். இரண்டு பேரிடமும் எங்கே வலிக்கிறது என்று கேட்கவே இல்லை.

வலிக்கும்போது அம்மா என்ன செய்வார்? அதை மட்டும் எழுதுங்கள்.

உஷா


கெர்லிங்
29 செப்டம்பர் 2024

அன்பு மகளுக்கு,

சுத்தம் என்ற வார்த்தையைப் பல தடவை படித்தேன். மற்றதையும் படித்தேன். நீ எழுதியதில் ஒன்றைக்கூட மறுக்க முடியாது.

கேட்டதற்கு எழுதுகிறேன். நாம் இருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால் சிமிண்டுத் தொட்டி இருந்ததே, அதன் விளிம்பில் அடிவயிற்றை அழுத்திக்கொண்டு துணி அலசுவாள். அலச ஒன்றும் இல்லாதபோதும் நிற்பாள். சத்தம் வராது. நீ பள்ளியிலிருந்து வந்தால் நிமிர்ந்துகொள்வாள். உனக்குத் தலை பின்னும்போது பாதியில் நிறுத்திவிட்டு, "சிக்கு, சிக்கு" என்பாள். சிக்கு இல்லை. வலி போகும்வரை சீப்பைப் பிடித்துக்கொண்டிருப்பாள். பிறகு பின்னுவாள். நான் கதவருகே நின்று பார்த்திருக்கிறேன்.

கடைசி மாதம் மீன் குழம்பு கேட்டாள். இரண்டு வாய் சாப்பிட்டாள். உன் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் வைக்கவில்லை என்று கவலைப்பட்டாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

தீபாவளிக்கு நான் அங்கே வரலாமா? வேண்டாம் என்றால் வருத்தமில்லை.

அப்பா


கோலா சிலாங்கூர்
17 நவம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று கார்த்திகேசு அண்ணன் போன் செய்தார். ரவாங்கில் உங்களை ரயில் ஏற்றிவிட்டு வந்து குகன் சாப்பிடாமலே உட்கார்ந்திருந்தார். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

நீங்கள் வந்து இறங்கியபோது எனக்கு உங்களோடு பேச வரவில்லை. தீபாவளியன்று பலகாரத்தைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். நீங்களும் எதுவும் கேட்கவில்லை. அப்படியே போயிருப்பீர்கள், விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அந்தத் திங்கட்கிழமை மட்டும் இல்லையென்றால்.

அன்று காலையில் மாதக்கணக்கில் இவ்வளவு கடுமையாக வந்திராத வலி. குகன் வேலைக்குப் போய்விட்டார். நான் கழிவறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேசை மேல் என் போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. பிறகு உங்கள் குரல். அந்தக் குரலில் நீங்கள் பேசி நான் கேட்டதே இல்லை.

"ஹலோ! யாரு? தலைமையாசிரியரம்மாங்களா? நான் உஷாராணியோட அப்பா! என் மக இன்னைக்கு லேட்டாத்தான் வரும்! வயித்து வலி! என்னாங்க? கேக்கலைங்க! ... இல்லம்மா, வியாதி இல்லைங்க! குழா விட்டெல்லாம் பாத்துட்டாங்க, வியாதி இல்ல! ஆனா வலிக்குதுங்க! நெஜமா வலிக்குது! சும்மா சொல்லல என் மக!"

தெருவுக்கே கேட்டிருக்கும். எதிர் வீட்டு மலாய் மக்சிக் அம்மா வேலி வரை வந்து நின்றிருக்கிறார். உள்ளே எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் வந்தது.

குமுதா அம்மா மறுநாள் என்னைக் கூப்பிட்டார். என் கால அட்டவணையிலிருந்து காலை முதல் பாடவேளையை எடுத்துவிட்டார். "ஒங்கப்பா என் காதைச் செவிடாக்கிட்டாரு" என்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, தனக்கும் பத்து வருடமாக இப்படித்தான் என்றார். யாரிடமும் சொன்னதில்லையாம்.

அன்று கழிவறையிலிருந்து நான் வெளியே வந்தபோது நீங்கள் சுடுதண்ணீர் வைத்திருந்தீர்கள். குடி என்று சொல்லவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டீர்கள். இடது பக்கம், கீழே, கை வைத்துக் காட்டினேன். எப்படி வலிக்கிறது என்று கேட்டீர்கள். துணியைப் பிழிவது போல என்றேன். நீங்கள் தலையாட்டினீர்கள். காரணம் சொல்லவில்லை, மருந்து சொல்லவில்லை.

எட்டரை மணிக்குத்தான் வலி விட்டது. அதுவரை நீங்கள் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, அப்பா.

உங்கள் மகள்,
உஷா